மட்டக்களப்பு வெக்கையில் இராட்சத மட்டி

வீட்டில் இராட்சத மட்டி வளர்ப்பது எப்படி என்று இணையத்தில் தேடிப் பாருங்கள், முதல் வேலையாக ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள். நல்ல ஹீட்டர், அது பழுதானால் கைவசம் இன்னொன்று, இரண்டையும் கட்டுப்படுத்த ஒரு கருவி. சித்திரை மாதத்து மத்தியானத்தில், மின்விசிறிக்குக் கீழே சாரத்தோடு உட்கார்ந்து அதை வாசித்தால் சிரிப்புத்தான் வரும். எங்கள் ஊரில் அந்த மாதம் வாளியில் கிடக்கும் தண்ணீரே விடியற்காலையில் 29 பாகை காட்டும்.

எழுதுகிறவர்களில் பிழை இல்லை. அவர்கள் குளிர் ஊரில் இருந்து எழுதுகிறார்கள். கடல் பக்கத்தில் இல்லை, அதனால் உப்பைப் பெட்டியில் வாங்கிக் கலக்குகிறார்கள். கரண்ட் போகாது, அதனால் அதைப் பற்றி ஒரு வரிதான் வரும். வெயில் போதாது, அதனால் விளக்கைப் பற்றிப் பத்துப் பக்கம். எங்களுக்கு எல்லாமே தலைகீழ். சூடு கூட, கடல் கிட்ட, வெயில் கொட்டிக் கிடக்கிறது, கரண்டை நம்ப முடியாது. மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதால், எங்கள் வீடுகளுக்கு எது பொருந்தும் என்று நான் நினைப்பதை எழுதிவைக்கிறேன்.

முதலில் பிராணியைப் பற்றிக் கொஞ்சம். இராட்சத மட்டி என்று பொதுவாகச் சொன்னாலும் வீட்டுத் தொட்டிக்கு வருபவை சின்ன வகைகள்தான். ஒரு மீற்றருக்கு மேல் வளர்ந்து 200 கிலோவைத் தாண்டும் டிரைடக்னா கைகாஸ் என்ற பெரியதை வீட்டில் வைக்க நினைப்பது வீண். (அது ஆளின் காலைப் பிடித்துக்கொண்டு விடாது என்று படங்களில் காட்டுவதும் கதைதான். நன்றாக வளர்ந்த பெரிய மட்டியால் ஓட்டை முழுதாக மூடவே முடியாது.) வீட்டுக்குப் பொருத்தமானவை டெராசா, ஸ்குவாமோசா, மாக்சிமா, குரோசியா. இவற்றில் மாக்சிமாவும் ஸ்குவாமோசாவும் இலங்கைக் கடலிலேயே உண்டு.

வெளியே பரப்பிக் காட்டும் அந்த நிறச் சதைக்குள் நுண்ணிய அல்கா, அதாவது பாசி, குடியிருக்கிறது, முருகைக்கற்களில் இருக்கும் அதே கூட்டம்தான். மட்டியின் இரைப்பையில் இருந்து கிளம்பும் மெல்லிய குழாய்கள் சதை முழுக்கக் கிளை விட்டுப் பரவியிருக்கும், அல்கா அதற்குள்ளே வாழ்கிறது. வெயிலில் ஒளித்தொகுப்பு செய்து மட்டிக்குச் சீனி கொடுக்கும், பதிலுக்கு மட்டியின் கழிவு அல்காவுக்கு உரம். நீலமும் பச்சையும் ஊதாவுமாக மினுங்குவது அல்கா இல்லை, அதற்கு மேலே இருக்கும் வேறு கலங்கள். அவை ஒளியைச் சிதறடித்து உள்ளே இருக்கும் அல்காவுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. ஒன்றின் நிறமும் கோலமும் இன்னொன்றுக்கு இருக்காது. ஆகவே மட்டி வளர்ப்பது பாதி பிராணி வளர்ப்பு, பாதி தோட்ட வேலை. மீன் பாடும் ஊர் என்று பேர்பெற்ற மட்டக்களப்பில் இதை வளர்த்தால் "இது பாடுமா?" என்று கேட்காமல் ஒருவரும் வீட்டைவிட்டுப் போவதில்லை, அதற்கும் தயாராக இருங்கள்.

சரி, சூட்டுக்கு வருவோம்.

புத்தகங்கள் 24 இல் இருந்து 26 பாகை வரை என்கின்றன. எங்கள் ஊரில் 25 ஐப் பிடித்து வைக்க வேண்டுமென்றால் தண்ணீரைக் குளிராக்கும் சில்லர் இராப்பகலாக ஓடும், மாதக் கடைசியில் வரும் மின்பட்டியலைப் பார்த்தால் நமக்குத்தான் காய்ச்சல் வரும். அது தேவையும் இல்லை. எங்கள் கடலே பெரும்பாலான மாதங்களில் 28 ஐ ஒட்டித்தான் இருக்கிறது, அதில்தான் இங்குள்ள மட்டிகள் வாழ்கின்றன. நான் 27 ஐ வைத்துக்கொண்டு அது ஆடாமல் பார்க்கிறேன். பகலில் 30, இரவில் 26 என்று ஏறி இறங்குவதைவிட 27.5 இல் நிற்பது மேல். ஆனால் 31, 32 என்று போய் அங்கேயே சில நாள் நின்றால் அல்கா வெளியேறத் தொடங்கும், மட்டி நடுவில் இருந்து வெளுத்துக்கொண்டு வரும். 1998 இலும் 2016 இலும் இலங்கையைச் சுற்றி முருகைக்கற்கள் வெளுத்ததும் இதே சூட்டினால்தான். தொட்டிக்குள் அது நடக்க எல்நினோ தேவையில்லை, பழுதான ஒரு மின்விசிறி போதும்.

மின்விசிறி என்றுதான் சொன்னேன். தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக ஊதும் சின்ன விசிறி இரண்டு வைத்தால் ஆவியாகும் தண்ணீர் சூட்டைக் கொண்டுபோய்விடும். இரண்டு, மூன்று பாகை இறங்கும். இங்கேதான் எங்கள் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கே வயலெல்லாம் தாண்டி உலர்ந்துபோய் வருகிறது. வெளியே நிற்கவே முடியாத சூடுதான், ஆனாலும் அந்த உலர்ந்த காற்றில் விசிறி அற்புதமாக வேலை செய்யும். ஆபத்து சித்திரை, வைகாசியில். காற்று அசையாது, ஈரம் நிறைந்திருக்கும், வேர்வையே காயாத நாளில் தொட்டித் தண்ணீர் மட்டும் எங்கே ஆவியாகும்? எனவே சில்லரை அந்த இரண்டு மாதத்துக்கும் ஆவணியின் சில நாட்களுக்கும் மட்டும் போடுகிறேன், மற்றபடி விசிறிதான். சில்லரை வீட்டுக்குள் வைக்காதீர்கள். தொட்டியில் இருந்து எடுத்த சூட்டை அறைக்குள்ளே விடும், அறை சூடாகும், தொட்டி திரும்பச் சூடாகும். பின் விறாந்தையில் வைத்து குழாயை உள்ளே விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

விசிறி போட்டால் தண்ணீர் குறையும். என் 300 லீற்றர் தொட்டியில் கச்சான் காலத்தில் ஒரு நாளைக்கு ஆறு, ஏழு லீற்றர் போகும். போவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே இருக்கிறது. அதனால் நிரப்ப வேண்டியது நல்ல தண்ணீர், கடல்தண்ணீர் இல்லை. மட்டிக்கு உப்பு ஆயிரத்துக்கு 35 க்குப் பக்கத்தில் அசையாமல் இருக்க வேண்டும், அதனால் ஒரே தடவையில் ஏழு லீற்றரை ஊற்றாமல் சொட்டுச் சொட்டாகச் சேர விடுங்கள். மிதவை வைத்த தானியங்கி நிரப்பி ஒன்று வாங்கினால் இந்தத் தொல்லை விட்டது. நிரப்புவதற்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் மணல் கரையில் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன, அந்தத் தண்ணீரில் என்ன கரைந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உன்னிச்சைக் குளத்தில் இருந்து வரும் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. எதுவானாலும் கரைந்திருப்பதை நீக்கும் ஆர்.ஓ. வடியில் விட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

கடல்தண்ணீர் விசயத்தில் நாங்கள் பணக்காரர்கள். வெளிநாட்டில் பெட்டி உப்புக்குக் கொட்டும் காசை நாங்கள் கொட்ட வேண்டியதில்லை. அதற்காகக் கல்லடிக் கடற்கரையில் வாளியோடு இறங்கினால் ஆகாது, எப்போது எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருபவர் நாவலடியில் தோணி வைத்திருப்பவர். மார்கழியில் ஒரு தடவை அவசரப்பட்டுக் கேட்டபோது, "ஆத்துவாய் வெட்டின தண்ணி இன்னும் கலங்கிக் கிடக்கு மகன், கரைவலைக்கே மீன் இல்ல. தை கழியட்டும், மறுகா பாப்பம்" என்றார். அவர் உப்பை அளக்கும் றிஃப்ராக்டோமீற்றரைக் கண்டதில்லை, ஆனாலும் சொன்னது சரி. வாடைக்காற்றோடு மாரி பிடித்தால் வாவி நிறைந்து முகத்துவாரத்தால் கடலுக்குள் பாய்கிறது. கரையோரத் தண்ணீர் உப்புக் குறைந்து, வயல் உரமும் சேறும் சேர்ந்து வரும். அந்தத் தண்ணீரை மாற்றினால் மட்டி ஒரு கிழமைக்கு வாயைத் திறக்காது. பங்குனி தொடங்கி புரட்டாதி வரை, முகத்துவாரத்தைவிட்டு விலகி, கரையில் இருந்து நன்றாக உள்ளே போய் எடுத்த தண்ணீர் அருமையாக இருக்கும். துணியில் வடித்து, வெளிச்சம் படாத மூடிய பீப்பாயில் வையுங்கள், பாவிக்கும் முதல் நாள் ஒரு சின்னப் பம்பைப் போட்டுக் கலக்குங்கள். ஐப்பசிக்கு முன் மாரி முழுவதற்கும் சேமித்துவிட வேண்டும், எங்கள் அம்மாக்கள் விறகு அடுக்கியதைப் போல. உப்பை அளக்கும் கருவியை வெறும் தண்ணீரில் மட்டும் சரிபார்த்தால் போதாது, 35 என்று குறித்த திரவம் ஒரு சின்னப் போத்தல் வாங்கி அதிலும் பாருங்கள்.

இனி ஓடு. பலர் மட்டியின் சதையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஓட்டை மறந்துவிடுவார்கள். கைப்பிடி அளவு மட்டி ஒன்று நன்றாக வளர்ந்தால் தொட்டியில் இருக்கும் சுண்ணாம்பை அது இழுக்கும் வேகத்தை நம்ப மாட்டீர்கள். கடல்தண்ணீரில் கல்சியம் லீற்றருக்கு 410, 420 மில்லிகிராம் இருக்கிறது, அல்கலினிட்டி, அதாவது ஓடு கட்டத் தேவையான காபனேற்று, இருகாபனேற்றின் அளவு, அதற்குரிய டி.கே.எச். அலகில் 7 அளவு. ஓடு கட்டும்போது கல்சியம் 20 குறைந்தால் அல்கலினிட்டி 2.8 குறைந்துவிடும். அதாவது 420 என்பது 400 ஆகும்போது கல்சியச் சோதனையில் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும், அதற்குள் அல்கலினிட்டி பாதிக்குக் கிட்டப் போயிருக்கும். அதனால் சோதனைக் கிட் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் அல்கலினிட்டிக்கு வாங்குங்கள். நான் 8 இல் வைத்திருக்கிறேன். 8 ஓ 9 ஓ, எந்த எண் என்பது பெரிய விசயமில்லை, இன்றைக்கு 7, நாளைக்கு 10 என்று ஆடவிடக் கூடாது.

ஏற்றுவதற்கு மலிவான வழி அப்பச்சோடா, அதாவது சோடியம் இருகாபனேற்று. கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு, அதைப் போட்டுவிடாதீர்கள். 300 லீற்றர் தண்ணீரில் ஒரு டி.கே.எச். ஏற 9 கிராம் வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, பம்பின் வாயருகே மெல்ல ஊற்ற வேண்டும். கல்சியத்துக்குக் கல்சியம் குளோரைட்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஊற்றினால் பால்போல வெளுத்து அடியில் படிந்துவிடும், இடையில் நேரம் விடுங்கள்.

எனக்குப் பிடித்தது சுண்ணாம்புத் தண்ணீர். கல்சியம் ஐதரொட்சைட்டைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மேலே இருக்கும் தெளிந்த நீரை மட்டும் எடுத்து இரவில் சொட்டவிடுவது. ஒரு லீற்றரில் ஒன்றரைக் கிராமுக்குக் கொஞ்சம் கூடத்தான் கரையும். கல்சியமும் அல்கலினிட்டியும் ஓட்டுக்குத் தேவையான அதே பங்கில் சேர்ந்து போகும், இரவில் இறங்கும் பீ.எச். அளவையும் தாங்கிப் பிடிக்கும். ஆவியான தண்ணீருக்குப் பதிலாக இதையே சொட்டவிட்டால் இரண்டு வேலை ஒன்றாக முடிந்தது. மெதுவாகத்தான் விட வேண்டும், இதன் பீ.எச். 12 க்கு மேலே, ஒரு கிளாஸ் மொத்தமாக விழுந்தால் தொட்டி தாங்காது. வெற்றிலைக்குப் பாவிக்கிற சுண்ணாம்பு இருக்கிறதே, அதைப் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பொருள் ஒன்றுதான், ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது, எதைச் சுட்டு எடுத்தது என்றும் தெரியாது. கல்குடாப் பக்கம் முருகைக்கல்லை உடைத்துச் சூளையில் வைத்த காலம் ஒன்று இருந்தது. கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1988 இல் திருத்தப்பட்ட பிறகுதான் அது சட்டவிரோதம் ஆனது. கடலில் இருந்த கல்லைச் சுட்டு வீட்டுத் தொட்டியில் கரைத்து ஊற்ற எனக்கு மனமில்லை. ஆய்வுகூடத் தரத்தில் ஒரு போத்தல் வாங்கினால் நெடுநாள் வரும்.

அடுத்தது நைத்திரேற்று. தண்ணீர் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது என்று முருகைக்கல் வளர்ப்பவர்கள் கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிமரும் இரசாயன வடிகளும் போட்டு நைத்திரேற்றைச் சைபருக்குக் கொண்டுவந்து பெருமைப்படுவார்கள். மட்டிக்கு அது பட்டினி. உள்ளே இருக்கும் அல்காவுக்கு நைதரசன் வேண்டும், மட்டி அதைத் தண்ணீரில் இருந்தே நேராக உறிஞ்சுகிறது. லீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில் நைத்திரேற்று 5 ஐ ஒட்டி, பொசுபேற்று 0.05 ஐ ஒட்டி இருந்தால் நிறம் செழிக்கும். மினுக்கமான தொட்டியில் மட்டி வெளிறிக்கொண்டு வந்தால் விளக்கைச் சந்தேகிக்கும் முன் மீனுக்கு இன்னொரு வேளை சாப்பாடு போட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி இன்னொன்று. மட்டி வடிகட்டி உண்ணும் பிராணியும்தான். கைகாஸ் இனத்தை வைத்து 1992 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சின்ன மட்டிகள் தமக்குத் தேவையான காபனில் 65 சதவீதம் வரை வடிகட்டி உண்டே பெற்றன, பெரியவற்றில் அது 34 சதவீதமாகக் குறைந்தது. அது கடலில், வேறு இனத்தில். இருந்தாலும் ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறைந்த குஞ்சுகளை நான் வாங்குவதில்லை, வாங்குகிறவர்கள் நுண்ணல்காத் திரவத்தை அடிக்கடி கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். எட்டு, பத்து சென்ரிமீற்றர் மட்டிக்கு மீன் போடும் கழிவே போதும்.

வெளிச்சத்தில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள், ஆனாலும் அந்தக் கொடையைப் பாவிப்பவர்கள் குறைவு. மாக்சிமாவும் குரோசியாவும் ஆழமில்லாத தண்ணீரில் உச்சி வெயிலைக் குடித்து வளர்பவை, அவற்றுக்கு, அல்கா பாவிக்கும் ஒளியை அளக்கும் பார் கணக்கில், 300, 400 வேண்டும். டெராசாவுக்கும் ஸ்குவாமோசாவுக்கும் 200 போதும், முதல் தடவை வளர்ப்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றை எடுங்கள். என் தொட்டிக்கு மேலே ஓட்டுக்கூரையில் சில ஓடுகளைக் கழற்றிக் கண்ணாடி ஓடு போட்டிருக்கிறேன். காலை பத்து மணிக்குப் பிறகு வெயில் கீற்று ஒன்று தொட்டியின் ஒரு மூலையில் விழுந்து மெல்ல நகர்ந்து மட்டியின் மேல் ஏறும். அந்த ஒரு மணித்தியாலத்தில் தெரியும் நீலம் எந்த எல்.ஈ.டி. யிலும் வராது. மீதி நேரத்துக்கு விளக்குத்தான். கண்ணாடி ஓட்டால் சூடும் இறங்கும் என்பதால் சித்திரையில் அதன் மேல் கிடுகு ஒன்றைப் போட்டுவிடுவேன். புதிதாக வந்த மட்டியை எடுத்த எடுப்பில் முழு வெளிச்சத்தில் வைக்கக் கூடாது. விளக்கைப் பாதியாகக் குறைத்து மூன்று, நான்கு கிழமையில் ஏற்றுங்கள்.

தொட்டியின் உருவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மட்டியின் அழகு மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. கடையில் விற்கும் உயரமான கண்ணாடித் தொட்டியில் முன்னால் நின்று பார்த்தால் ஓடுதான் தெரியும். உயரம் குறைந்த, அகலமான தொட்டியை இடுப்பளவில் வைத்து மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். தண்ணீர்ப் பரப்பும் கூடும், ஒட்சிசனும் கூடும், விசிறிக்கும் வசதி.

மட்டி வீட்டுக்கு வந்த நாளில் கவனிக்க வேண்டியது இரண்டு. பயணத்தில் சதைக்குள் காற்றுக்குமிழ் சிக்கியிருக்கலாம், தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தால் வெளியே வந்துவிடும். மற்றது அடிப்பக்கம். ஓட்டின் கீழே ஓர் இடைவெளி இருக்கும், அதன் வழியாக மெல்லிய நூல்களை விட்டு மட்டி கல்லைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தபின் இடம் பிடிக்கவில்லை என்று இழுத்தால் நூல் அறுவதற்குப் பதிலாக அதைச் சுரக்கும் சதையே கிழிந்து வரும், அப்புறம் பிழைப்பது அரிது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் மெல்லிய பிளேட்டைக் கல்லோடு ஒட்டிவிட்டு நூல்களைக் கல் பக்கத்தில் அறுக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, முதல் நாளே உள்ளங்கை அளவு தட்டையான கல் ஒன்றின் மேல் மட்டியை வைப்பது. அந்தக் கல்லைப் பிடித்துக்கொள்ளும், பிறகு கல்லோடு தூக்கி எங்கும் வைக்கலாம். ஓட்டம் மிதமாக, நேராக முகத்தில் அடிக்காமல் இருக்கட்டும், சதையின் விளிம்பு மெல்ல அசைந்தால் போதும்.

சுகமாக இருக்கிறதா என்று எப்படி அறிவது? கையை விளக்குக்குக் குறுக்கே கொண்டுபோங்கள். சதையின் விளிம்பு நெடுக நூற்றுக்கணக்கான குட்டிக் கண்கள் இருக்கின்றன, நிழல் விழுந்தவுடன் சுகமான மட்டி வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். நிழல் போனதும் திரும்ப விரியும். நிழலுக்கு அசையாத மட்டிக்கு ஏதோ பிரச்சினை. நீர் உள்ளே போகும் வாய் நீளப் பிளவாக இருக்க வேண்டும். அது அகலத் திறந்து உள்ளே செவுள் தெரிய நின்றால் சூடு, உப்பு, வெளிச்சம் மூன்றையும் உடனே பாருங்கள். ஓட்டின் மேல் விளிம்பில் புதிதாக வெள்ளை வரி ஓடினால் வளர்கிறது என்று அர்த்தம், அதைக் கண்டால் கொஞ்ச நாளைக்கு ஒன்றையும் மாற்றாதீர்கள். சதை ஒரு பக்கம் மட்டும் சுருட்டிக் கிள்ளி வைத்ததுபோல நின்று விரியவே இல்லையென்றால் அது ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். சூடும் பீ.எச். அளவும் சரிசெய்த ஆர்.ஓ. தண்ணீரில் இருபது, முப்பது நிமிடம் வைத்து எடுப்பது வளர்ப்பவர்கள் கையாளும் வைத்தியம், கடைசி வழியாக மட்டும்.

அதைவிட அதிகம் காண்பது நத்தை. அரிசிக் குறுணி அளவில் வெள்ளையாக இருக்கும், பகலில் கண்ணில் படாது. விளக்கு அணைந்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு டோர்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டின் விளிம்பில் வரிசையாக ஏறி, சதைக்குள் குழாயை விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும். அடியில் நூல் விடும் இடைவெளியைச் சுற்றியும் பாருங்கள், ஓட்டின் மடிப்புகளில் களிபோலத் தெரிவது முட்டை. மருந்து கிடையாது. மட்டியைக் கல்லோடு வெளியே எடுத்துப் பழைய பல்துலக்கும் தூரிகையால் ஓட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவி வைக்க வேண்டும், சதையில் படாமல். முட்டைகள் பொரிப்பதால் சில நாளைக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பச் செய்துதான் ஒழிக்க முடியும். ஆறுகோட்டு ராஸ் என்ற மீன் இந்த நத்தையைத் தின்னும், ஆனால் மீனை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

கூட்டாளி மீன்களில் ஏஞ்சல், வண்ணத்துப்பூச்சி மீன் வகைகளைத் தவிர்த்துவிடுங்கள், சதையைக் கொறிக்கும். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் செப்புக் கலந்த மருந்தை இந்தத் தொட்டிக்குள் ஒரு சொட்டும் விடக் கூடாது, செம்பு மட்டிக்கு நஞ்சு. பித்தளைக் குழாய் முனையும் அப்படியே.

கரண்ட். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டிய காலத்தை மறக்க முடியாது, 2025 மாசி 9 இல் பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின்நிலையத்துக்குள் புகுந்து நாடு முழுக்க இருட்டானதையும்தான். மட்டிக்கு விளக்கு ஒரு நாள் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. ஒட்சிசனும் சூடும்தான் பிரச்சினை, சூடான தண்ணீரில் ஒட்சிசன் ஏற்கெனவே குறைவு. முழு வீட்டுக்கும் இன்வேட்டர் போட வசதியில்லாதவர்கள், பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றையும் 12 வோல்ட் விசிறி ஒன்றையும் மோட்டார்சைக்கிள் பற்றரியோடு இணைத்து வையுங்கள். கரண்ட் போனதும் தானாக ஓடத் தொடங்கும்படி இணைப்பது நல்லது, வெட்டு வருவது எப்போதும் நாம் வீட்டில் இல்லாத நேரத்தில்தான். இன்னொரு நேரத்திலும் காற்றுப் பம்ப் கைகொடுக்கும். வளர்ந்த மட்டி முதலில் விந்தையும் பிறகு முட்டையையும் விடும், அப்போது தொட்டி பால்போலக் கலங்கி ஒட்சிசன் இறங்கும். பம்பைப் போட்டு, கரி வைத்து, சேமித்த கடல்தண்ணீரால் ஒரு பகுதியை மாற்றுங்கள்.

கடைசியாக, "பாசிக்குடாவில் போய் ஒன்று எடுத்துவந்தால் என்ன?" என்ற கேள்வி. எடுக்காதீர்கள். 1970களில் பசிபிக் தீவுகளில் களவாக வந்த மீன்பிடிப் படகுகள் உள்ளே இருக்கும் ஒரு தசைத் துண்டுக்காகப் பெரிய மட்டிகளை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கடலிலேயே போட்டுவிட்டுப் போயின. பல இடங்களில் கைகாஸ் இல்லாமலே போனது. அதனால்தான் 1985 இல் இருந்து எல்லா இனமும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, இலங்கையும் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. எங்கள் பக்கம் மட்டி முன்பே குறைவு. முட்டையும் விந்தும் தண்ணீரில் சந்தித்தால்தான் குஞ்சு, ஒன்றுக்கொன்று தூரமாகிவிட்டால் இரண்டு மட்டி இருந்தும் இனம் பெருகாது. இங்கே கடலில் உள்ள காயாங்கேணி முருகைக்கல்லைச் சரணாலயமாக அறிவித்ததே 2019 இல்தான். வாங்குவதென்றால் பண்ணையில் பிறந்ததை, அனுப்பிய நாட்டின் அனுமதிப் பத்திரத்தோடு வந்ததை வாங்குங்கள். பலாவு தீவில் பல ஆண்டுகளாகக் குஞ்சு பொரித்து வளர்த்து வருகிறார்கள். பத்திரத்தைக் காட்டத் தயங்கும் கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பண்ணை மட்டிக்கு இன்னொரு வசதியும் உண்டு, சின்ன வயதிலேயே தொட்டிக்குப் பழகியிருக்கும்.

300 லீற்றருக்கு ஒரு மட்டி. ஸ்குவாமோசா 40 சென்ரிமீற்றர் வரை வளரும், டெராசா அதைவிடவும் பெரிதாகும், இன்றைக்கு உள்ளங்கையில் அடங்குவது நாளைக்குத் தொட்டியின் பாதியைக் கேட்கும். இரண்டாவதை வாங்க ஆசை வந்தால், இருக்கிற மட்டி ஒரு மாதத்தில் எவ்வளவு அல்கலினிட்டி இழுக்கிறது என்று எழுதிவைத்துப் பாருங்கள். அதன் இரு மடங்கை உங்கள் அப்பச்சோடாவும் சுண்ணாம்புத் தண்ணீரும் ஆடாமல் கொடுக்கும் என்றால் வாங்குங்கள், அதுவும் தை கழிந்து தண்ணீர் தெளிந்த பிறகு.